பொறியும் உறுப்பும்: வன்னியிற் போரால் உறுப்பிழந்தோரும் றோபோ மருத்துவமும்

தமிழிலே பொறி என்பது பலபொருள் ஒருசொல். கண், செவி முதலிய உறுப்புக்களைப் பொறி என்பர். கைவல்லான் ஒருவன் ஆக்கிய இயந்திரத்தையும் பொறி என்பர். ஊழுக்கும் அப்பெயர் உண்டு. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ஆண்ட பொறி என்னும் சொல்லுக்கு உரை கண்டோருள் ஒருசாரார் ஊழ் எனவும், பிறிதொரு சாரார் உறுப்பு எனவும் பொருள் கூறினர். எப்பொருள் கொள்ளினும், அது வாய்க்கப் பெறாதவனை உலகம் இகழ்தற்கு இடமில்லை என்பதும், முயலாதிருப்பவனே இகழ்ச்சிக்கு உரியவன் என்பதும் அக்குறளின் கருத்தாகும். உறுப்பாகிய பொறியை இழந்த ஒருவனுக்கு இயந்திரமாகிய பொறி எத்துணை உதவும் என்பது இன்று உலகெங்கும் மருத்துவரும் பொறியியலாரும் ஆராயும் வினா. வன்னி நிலத்திலோ அஃது ஏட்டளவில் அமையும் வினாவன்று. வீடுதோறும் விடை வேண்டி நிற்கும் வினாவாகும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களைத் தன்னகத்தே கொண்ட வன்னிப் பெருநிலம், குளமும் வயலும் காடும் ஆகிய மூன்றாலும் வாழ்ந்த நிலம். உள்நாட்டுப் போரின் இறுதிக் களமாகவும் அதுவே அமைந்தது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் அப்போர் முடிவெய்தியது. எறிகணை வீச்சும் குண்டுச் சிதறல்களும் மிதிவெடிகளும் உயிர் கவர்ந்தது போக, எஞ்சினோர் பலரிடத்தே நீங்காத வடுக்களை விட்டுச் சென்றன. மிதிவெடி பெரும்பாலும் பாதத்தையும் கணைக்காலையும் சிதைப்பது. ஆதலின் முழங்காலுக்குக் கீழே கால் இழந்தோர் பலராயினர். எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டிற் பாய்ந்தவிடத்து இடுப்பின் கீழ் உணர்வும் அசைவும் ஒருங்கே அற்றன. போர் ஓய்ந்த பின்னும் முகமாலை முதலிய இடங்களிற் புதைந்து கிடந்த வெடிகளை அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டமை, இத்துன்பம் ஒருநாளில் முடிந்துபோவதன்று என்பதற்குச் சான்றாகும்.

போர்ப்பணியினின்றும் மீண்டோர் என்னும் தொடர் இந்நாட்டில் இருதிறத்தாரைச் சுட்டும். அரசபடையிற் பணியாற்றி ஊனமுற்றோர் ஒருதிறத்தார். அவர்க்கென 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு, ராகமையிலே ரணவிரு செவண என்னும் புனர்வாழ்வு நிலையம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு. மற்றைத் திறத்தார் எதிர்நின்று போரிட்ட முன்னாட் போராளிகள். போர் முடிவிலே சரணடைந்தும் பிடிபட்டும் புனர்வாழ்வு முகாம்களிற் பயிற்சி பெற்று வெளியேறிய ஏறத்தாழ 12,000 பேர் இவருள் அடங்குவர். முகாமினின்றும் வெளிவந்த பின்னர்ப் படைவீரர்க்குரிய ஓய்வூதியமோ தனி வைத்தியசாலையோ இவர்க்கு இல்லை. அயலிலே அவ்வாறே உறுப்பிழந்து வாழும் உழவர், மீனவர், பள்ளிச் சிறார் ஆகியோர் நாடும் அரசாங்க வைத்தியசாலையும் தொண்டு நிலையமுமே இவர்க்கும் புகலிடமாம். இவ்வேறுபாடு பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. ஏனெனில், றோபோ மருத்துவம் மேனாடுகளில் வளர்ந்தமைக்கு முன்னாட் படைவீரர் பொருட்டு அரசுகள் செலவிட்ட பெரும்பொருள் ஒரு பெருங்காரணம். அங்ஙனம் பொருள் ஈவார் இல்லாத வீரனுக்கு அம்மருத்துவத்தின் எப்பகுதி பயன்படும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இழந்த உறுப்புக்கு ஈடு செய்யும் எண்ணம் மிகப் பழையது. இருக்கு வேதத்தின் முதன் மண்டலத்திலே, போரிற் கால் அறுபட்ட விச்பலைக்கு அசுவினி தேவர் இரும்புக் கால் அளித்த செய்தி கூறப்படுகின்றது. தன் கையைத் தானே வெட்டிப் பொன்னாற் கை பெற்ற பாண்டியன் கதையைத் தமிழ்நாடு நன்கறியும். வரலாற்றுக் காலத்திலே, பதினாறாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டுப் போர்க்களங்களில் அறுவை மருத்துவம் செய்த அம்புறுவாசு பாரே என்பார், விரல் மடங்கும் இரும்புக் கையையும், முழங்காலில் மடக்கிப் பூட்டத்தக்க செயற்கைக் காலையும் வகுத்தனர். 1861 ஆம் ஆண்டிலே அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபொழுது, பதினெட்டு வயதினனும் பொறியியல் மாணாக்கனுமாகிய யேம்சு கங்கர் பிலிப்பி என்னுமிடத்திற் பீரங்கிக் குண்டால் ஒரு காலை இழந்தான். அவன் நின்று போரிட்ட தென்பகுதி பின்னர்த் தோல்வியுற்றது. தனக்கு அளித்த மரக்கட்டைக் கால் பயன்படாமை கண்டு, பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கி, முழங்காலிலும் கணுக்காலிலும் மடங்கும் காலொன்றைத் தானே செய்துகொண்டான். அவன் தொடங்கிய தொழிலகமே பிற்காலத்தில் அந்நாட்டுச் செயற்கை உறுப்புத் தொழிலிற் பெருநிறுவனமாக வளர்ந்தது. தோற்றவர் பக்கத்தில் நின்று காலிழந்த ஓர் இளைஞனின் பட்டறையினின்றே அத்தொழில் தழைத்தது என்பது வன்னி இளைஞர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, றோபோ என்பது யாது? செக்கு நாட்டு நாடகாசிரியர் காரல் சாப்பெக்கு 1920 இல் இயற்றிய நாடகமொன்றினால் உலகிற் பரவிய சொல் அது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக்கு மொழிச் சொல்லினின்றும் அது பிறந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தார் செய்யக் கடமைப்பட்டிருந்த ஊழியம் என்பதை ஒத்தது அச்சொல்லின் பொருள். மனித வடிவம் கொண்டிருத்தல் றோபோவுக்கு இலக்கணமன்று. சூழ்நிலையை அறியும் உணரி, அறிந்ததைக் கணித்து முடிவு செய்யும் கணினி, முடிவின்படி அசைவை ஆக்கும் இயக்கி ஆகிய மூன்றும் ஒன்றுபட்ட பொறியே றோபோவாம். அறிதல், துணிதல், செய்தல் என இம்மூன்றையும் கூறலாம். இப்பொறி மருத்துவப் புனர்வாழ்வில் மூவிடங்களில் அமையும். நோயாளியின் உடம்பின்மேல் அணியப்படுவது ஒன்று. பயிற்சிக் கூடத்திலே நின்று அவனுக்குப் பயிற்சி கொடுப்பது ஒன்று. செயற்கை உறுப்புச் செய்யும் பட்டறையில் வேலை செய்வது ஒன்று. இவற்றை முறையே நோக்குதல் தகும்.

உடம்பின்மேல் அணியும் பொறிகளே பெரும்புகழ் பெற்றவை. முழங்காலுக்கு மேலே கால் இழந்தோர் படும் இடர் பெரிது. சாதாரணச் செயற்கை முழங்கால், உடற்பாரம் தாங்கும் வேளையில் எதிர்பாராது மடங்கி ஆளை வீழ்த்துவதுண்டு. 1997 ஆம் ஆண்டில் ஒற்றோ பொக்கு என்னும் செருமானிய நிறுவனம் வெளியிட்ட முழங்காலில் நுண்கணினி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. முழங்காலின் கோணத்தையும் அதன்மேல் ஏறும் பாரத்தையும் உணரிகள் இடையறாது அளக்க, கணினி அதற்கேற்ப உள்ளிருக்கும் எண்ணெய் அமுக்கத்தைத் திருத்தி, மடங்க வேண்டிய வேளையில் மடங்கவும் நிற்க வேண்டிய வேளையில் நிற்கவும் செய்தது. கையிழந்தோர் பொருட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனம் 2006 இல் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அதன் பயனாகப் பிறந்த லூக்கு என்னும் மின்கை 2014 இல் அரச அங்கீகாரம் பெற்று, 2017 இல் முன்னாட் படைவீரர் இருவர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. இத்தகைய கைகளிற் பல, எஞ்சிய தசை சுருங்கும்போது தோலின்மேல் தோன்றும் நுண்ணிய மின்னலைகளை உணர்ந்து இயங்குவன.

இடுப்பின் கீழ் உணர்விழந்தோர்க்கு எழுந்து நடக்கும் வழி காட்டியது புறச்சட்டகம் என்னும் பொறியாகும். கால்களின் புறத்தே உலோகச் சட்டங்களைக் கட்டி, இடுப்பிலும் முழங்காலிலும் மின்னோடிகளைப் பொருத்தி, ஊன்றுகோற் துணையுடன் நடக்கச் செய்வது அது. இசுரவேல் நாட்டுப் பொறியியலாளர் அமித் கோபர், விபத்தொன்றிலே கழுத்தின் கீழ் இயக்கம் இழந்த பின்னர், ரீவோக்கு என்னும் புறச்சட்டகத்தை அமைத்தார். கைவலிமையும் வேண்டும் அக்கருவியைத் தாமே அணிந்து நடக்க அவரால் இயலவில்லை, பிறர் நடந்தனர். 2014 இல் அமெரிக்க அரசு அதனை வீட்டிற் பயன்படுத்த அங்கீகரித்தது. 2015 டிசம்பரில் அந்நாட்டு முன்னாட் படைவீரர் நலத்துறை தகுதியுடையோர்க்குத் தன் செலவிலே வழங்க முன்வந்தது. அக்காலத்தில் ஒரு கருவியின் விலை 70,000 டொலருக்கு மேலாக இருந்தது.

இங்ஙனம் வழங்கியதன் பயன் யாது என்பதை அத்துறையே ஆராய்ந்தமை பாராட்டத்தக்கது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட முன்னாட் படைவீரர் 161 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்குச் சக்கர நாற்காலியோடு புறச்சட்டகமும் கொடுத்து, மற்றையோரை வழக்கமான சக்கர நாற்காலியோடு விட்டு, இருவர் வாழ்வையும் ஒப்பிட்டனர். 2024 இல் வெளிவந்த அதன் முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாயிற்று. மனநலத்திலும், சிறுநீர் மலங் கழித்தல் முதலிய உடல்நலத்திலும் இருகூற்றார்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியை வீட்டில் அணிந்து நடக்கப் பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் அருகிருத்தல் வேண்டும் என்பதும் நோக்கற்பாலது. எழுந்து நின்று பிறர் முகத்தை நேர் நோக்குதலின் இன்பத்தை இம்முடிவு மறுக்கவில்லை. ஆயினும், செல்வ நாடொன்றிலே, மருத்துவரும் துணைவரும் உடனிருக்கவும், பொறியொன்றே வாழ்வை மாற்றிவிடவில்லை என்பது தெளிவாகின்றது.

இரண்டாவது இடம் பயிற்சிக் கூடம். மூளையிற் குருதியோட்டம் தடைப்பட்டோ தலையிற் காயமுற்றோ கை செயலிழந்தவர்க்கு, அக்கையை மீட்டும் மீட்டும் அசைத்தலே மருந்து. நூறு முறையன்று, ஆயிரக்கணக்கான முறை அசைத்தல் வேண்டும். மூளையின் எஞ்சிய பகுதி அவ்வசைவைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுதல் அவ்வாறே நிகழும். மனிதக் கை சலிக்கும், பொறி சலியாது. இக்கருத்துக் கொண்டே மசாச்சுசெட்சுத் தொழினுட்பக் கழகத்தில் நெவில் ஓகன், எர்மானோ கிரெபுசு ஆகியோர் 1989 முதற் பயிற்சி றோபோ ஒன்றை ஆக்கினர். நோயாளி கையைப் பிடியில் வைத்துத் திரையிற் காணும் குறியை நோக்கி நகர்த்துவார்; இயலாதபோது பொறி மெல்லத் துணை செய்யும்; இயலும்போது விலகி நிற்கும்.

அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகள் நான்கிலே 127 நோயாளரிடத்து நிகழ்த்தி, 2010 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இப்பொறியின் தன்மையைத் தெளிவாகக் காட்டும். ஒரு பகுதியினர் பன்னிரண்டு கிழமைகளில் 36 முறை றோபோப் பயிற்சி பெற்றனர். மற்றொரு பகுதியினர் அதே அளவு கடும்பயிற்சியை மனிதராகிய இயன்மருத்துவர் கையாற் பெற்றனர். எஞ்சியோர்க்கு வழக்கமான கவனிப்பே அளிக்கப்பட்டது. பன்னிரண்டு கிழமை முடிவிலே வழக்கமான கவனிப்புப் பெற்றோரினும் றோபோப் பயிற்சி பெற்றோர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டவில்லை. முப்பத்தாறாம் கிழமையில் ஓரளவு முன்னேறியிருந்தனர். ஆனால் மனிதர் கையாற் கடும்பயிற்சி பெற்றோரினும் அவர் மேம்படவில்லை. இதனாற் பெறப்படுவது யாது? நோயைத் தணித்தது பொறியன்று. அப்பொறி தந்த இடைவிடாத பயிற்சியே. பயிற்சியைத் தர மனிதர் உளராயின் அதே பயன் விளையும். மனிதர் போதாத இடத்திலே பொறி அவர்க்குத் துணையாகும். வன்னி பின்னைய வகை. ஓர் இயன்மருத்துவர் பல ஊர்களைக் கவனிக்க வேண்டிய நிலத்தில், அவருடைய இரு கைகளை நான்காக்கும் பொறி வீண்பொருளாகாது.

இவ்வகையில் அயலகத்து முயற்சிகள் கருதத்தக்கன. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும் கூடி அமைத்த புளூட்டோ என்னும் கைப்பயிற்சிப் பொறி, ஒரே மின்னோடி கொண்டது. பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் வெவ்வேறு பயிற்சி அளிக்கலாம். மேசைமேல் வைக்கத்தக்க அளவினது. வீட்டிற்கும் கொண்டு செல்லலாம். அக்கல்லூரியின் புனர்வாழ்வு நிலையத்தை 1966 இல் நிறுவிய மேரி வர்க்கீசு அம்மையார், விபத்தினால் இடுப்பின் கீழ் உணர்விழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்தவர். அச்சென்னைக் கழகம் 2022 இற் கதம் என்னும் செயற்கை முழங்காலையும் வெளியிட்டது. அதில் மின்கலமும் இல்லை, கணினியும் இல்லை. பல அச்சுக்களிற் சுழலும் மூட்டமைப்பினாலேயே நிற்கும்போது உறுதியும் நடக்கும்போது மடக்கமும் தருவது. றோபோவின் நோக்கத்தைச் சிற்சில இடங்களில் நல்ல மூட்டமைப்பே நிறைவேற்றிவிடும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு.

வன்னியிலே கால் இழந்தோர் பெரும்பாலார் இன்று நடப்பது செய்ப்பூர்ப் பாதத்தினாலாகும். 1968 ஆம் ஆண்டளவில் இராசத்தானத்துச் செய்ப்பூரில், பண்டிதர் இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், பிரமோத கரண் சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் கூடி அதனை ஆக்கினர். மேனாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் மறைவதற்கென அமைந்தது, நீர்பட்டாற் கெடும், சம்மணமிட இடந்தராது. செய்ப்பூர்ப் பாதமோ இறப்பராலும் மரத்துண்டாலும் ஆக்கப்பட்டு, இயற்கைப் பாதத்தின் வடிவும் நிறமும் கொண்டது. வெறுங்காலோடு வயற் சேற்றிலும் கோயில் வீதியிலும் நடக்கலாம், குந்தி இருக்கலாம், வரம்பிலே ஏறி இறங்கலாம். அப்பாதத்திலே உணரி எதுவும் இல்லை. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோன் எங்கு நடப்பான், எங்கு அமர்வான் என்பதை அதனை ஆக்கியோர் முன்னரே உணர்ந்திருந்தனர்.

இலங்கையில் இப்பாதத்தைக் கொழும்பு நட்புறவுச் சங்கம் 1985 இல் வழங்கத் தொடங்கியது. 1987 இல் யாழ்ப்பாணத்திலே செய்ப்பூர் நிலையம் தோன்றியது. போர்க்காலத்திற் கிளிநொச்சியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக் கால்களைச் செய்து கொடுத்தது. 2010 இலே வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், செய்ப்பூரிலுள்ள பகவான் மகாவீர் சமிதியின் வினைஞர், இந்திய அரசின் செலவில் முகாமிட்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட செயற்கை உறுப்புக்களைப் பொருத்தினர். சில கிழமைகளுள் அத்தனை பேர் எழுந்து நடந்தமை பெருங்காரியமே. ஆயினும் செயற்கைக் கால் ஒருமுறை பெற்றுவிட்டால் வாழ்நாள் முழுதும் போதுவதன்று. எஞ்சிய கால் காலப்போக்கில் மெலியும், உடம்பு பருக்கும், வெப்பநாட்டு வியர்வையால் உட்புறம் வழுக்கும். எஞ்சிய காலைத் தாங்கும் கிண்ணம் சிறிது தளர்ந்தாலும் இறுகினாலும் தோல் உராய்ந்து புண்ணாகும். புண்பட்டவன் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுப்பான். சில ஆண்டுகளுக்கொருமுறை புதுக்காலும், அதற்கிடையிலே பலமுறை திருத்தமும் வேண்டும். உட்கிராமத்தில் வாழும் கூலித் தொழிலாளிக்குத் திருத்தத்தின் பொருட்டு நகர் சென்று மீள்வது ஒருநாட் கூலியை இழப்பதாகும்.

இவ்விடத்தேதான் மூன்றாவது இடமாகிய பட்டறையின் சிறப்புப் புலனாகின்றது. கிண்ணம் செய்யும் பழைய முறையில், எஞ்சிய காலைச் சாந்துத்துணியாற் சுற்றி அச்செடுத்து, அவ்வச்சிற் சாந்து வார்த்து, அதனைக் கையாற் செதுக்கித் திருத்தி, அதன்மேற் பிளாத்திக்கை உருக்கிப் படியச் செய்வர். புதுமுறையிலோ ஒளிக்கதிரால் எஞ்சிய காலின் வடிவை அளந்து கணினியிற் பதிவர். வினைஞர் அதனைத் திரையில் திருத்துவர். செதுக்கும் றோபோ அவ்வடிவை நுரைக்கட்டியில் வெட்டித் தரும். பதிவு கணினியில் நிலைத்திருப்பதனால், பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அறியலாம். மற்றொரு கிண்ணத்தை விரைவில் ஆக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, அளப்பவர் ஓரிடத்தும் வெட்டும் பொறி வேறோரிடத்தும் இருத்தல் கூடும். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாழும் ஒருவரை அவர் வீட்டிலேயே அளந்து, மற்றோர் ஊரிலே வெட்டி, அடுத்த வருகையிற் பொருத்திப் பார்த்தல் கூடும். அப்பொழுது நோயாளி பட்டறையை நாடிச் செல்லாது, பட்டறையே நோயாளியை நாடி வரும். எனினும் இறுதியாகப் பொருத்தி, நோகும் இடத்தைக் கேட்டறிந்து, உரிய இடத்தைத் தேய்த்துக் கொடுப்பது மனிதக் கையேயாம்.

இவற்றிற்கு வேண்டும் நிலையங்கள் வன்னியில் இல்லாமலில்லை. ஏ ஒன்பது நெடுஞ்சாலையில் முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளத்திலே, ஆதார வைத்தியசாலையைச் சார்ந்து நெதர்லாந்து நாட்டின் உதவியால் அமைந்த மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் 2024 இல் திறந்து வைக்கப்பெற்றது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி நடத்தும் உயிரிழை அமைப்பும் மாங்குளத்தைச் சார்ந்ததே. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் இயங்குகின்றது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே றுவான் கோபுர முதலியோர், தசையின் மின்னலையால் இயங்கும் கைப்புறச்சட்டகங்களையும் செயற்கைக் கையையும் ஆராய்ந்து வருகின்றனர். ஆகவே இந்நாட்டில் அறிவுப் பஞ்சம் இல்லை. வேண்டுவது, அறிவியல் நகருக்கும் மாங்குளத்துக்கும் இடையிலே உள்ள வீதி மாணாக்கரால் அடிக்கடி நடக்கப்படுதலாம். ஆய்வுகூடத்தில் ஆக்கிய கருவி மேசைமேல் இயங்கினால் மதிப்பெண் கிடைக்கும். மழைக்காலத்து வயல்வரம்பிலே, மின்சாரம் அற்ற இரவிலே, உப்புக்காற்று வீசும் கரையிலே இயங்கினால் மட்டுமே பயன் கிடைக்கும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் நிலை தனித்து எண்ணற்பாலது. அவர் உயிருக்கு முதற்பகை நடக்கவியலாமையன்று. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமேயாம். உணர்வற்ற உடம்பு ஒரே நிலையிற் கிடக்குமாயின் எலும்பு உந்தும் இடங்களிற் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும். வலி இல்லாமையால் அவர் அதனை அறியார். சில மணிக்கொருமுறை புரட்டிவிடும் கை, தகுந்த மெத்தை, தூய சிறுநீர்க் குழாய், குளிக்கவும் கழிக்கவும் அமைந்த சாய்தளமுள்ள அறை ஆகியவை அவர்க்கு முதற்றேவை. இருக்கையில் அமுக்கத்தை அளந்து, நெடுநேரம் அசையாதிருந்தால் ஒலியெழுப்பி நினைவூட்டும் சிறுகருவி, எழுந்து நடக்கச் செய்யும் பெருங்கருவியினும் பல உயிர்களைக் காத்தல் கூடும். அவரைப் புரட்டியும் தூக்கியும் பேணுவோர் பெரும்பாலும் மனைவியரும் தாய்மாரும் சகோதரிகளுமே. தாய்மார் மூப்படைகின்றனர். அவர் முதுகின் பாரத்தைக் குறைக்கும் எளிய தூக்குபொறி ஒன்று, நோயாளிக்கும் பேணுவோர்க்கும் ஒருங்கே மருந்தாகும்.

இவ்வாறு கூறுதல், மேனாட்டு வீரனுக்கு உயர்ந்த பொறி, வன்னி வீரனுக்குத் தாழ்ந்த பொறி என வகுப்பதாகாதோ எனச் சிலர் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானது. முழங்காலுக்கு மேலே கால் இழந்து, நாள்தோறும் வீழ்ந்தெழுந்து தொழில் செய்யும் ஒருவனுக்குக் கணினி முழங்கால் ஆடம்பரமன்று. அதனைப் பெறும் உரிமை அவனுக்கும் உண்டு. அவன் எப்பக்கம் நின்று போரிட்டான் என்பது அவ்வுரிமையை அளக்கும் கோலாதல் தகாது. வெட்டுண்ட காலுக்குப் பக்கமில்லை. ஆனால் பொறியைக் கொடுத்தலும் பொறியைப் பேணலும் இருவேறு செயல்கள். மின்கலம் தேய்ந்தால் மாற்றுவாரும், உணரி பழுதுற்றாற் கண்டறிவாரும், கிண்ணம் தளர்ந்தால் திருத்துவாரும் அண்மையில் இல்லாவிடில், விலையுயர்ந்த பொறியும் கட்டிலின் கீழே கிடக்கும். ஆகவே பட்டறை முதலாவதாகவும், பயிற்சிக்கூடம் இரண்டாவதாகவும் வலுப்பெற்றால், உடம்பின்மேல் அணியும் பொறி மூன்றாவதாக வந்து நிலைபெறும். மேனாடுகளில் இறுதியில் வந்ததை இங்கு முதலில் வேண்டுவது தலைகீழாக ஏணி சார்த்துவதாகும்.

சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவியாகிய விசயைக்கு மயிற்பொறி ஒன்று செய்வித்தான். அதனை இயக்கும் முறையையும் அவள் பழகியிருந்தாள். பகைவன் சூழ்ந்த நாளிலே அப்பொறியில் ஏறி அவள் விண்வழிச் சென்றாள். ஆயினும் பகைவனின் வெற்றிமுரசு கேட்டு அவள் மயங்கியபொழுது, பொறி தானே இறங்கிச் சுடுகாட்டிற் படிந்தது. பொறியிற் குற்றமில்லை, அதனை இயக்கிய கை தளர்ந்தது. பொறி எத்துணை நுட்பமாயினும் அதனைத் தாங்கும் மனித உறுதியும் துணையும் வேண்டும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

வன்னிக்கு இன்று முதன்மையாக வேண்டப்படுவோர் செயற்கை உறுப்பு வினைஞரும் இயன்மருத்துவரும் ஆவர். செயற்கை உறுப்புக் கல்விக்கென ராகமையிலே 2004 முதல் ஒரு கல்லூரி இயங்கி வருகின்றது. பொறியியலும் மருத்துவமும் கற்கப் புகும் மாணாக்கர் பலருள், இத்துறையை விரும்பிப் புகுவோர் மிகச் சிலரே. பிற தொழில்களுக்குள்ள புகழ் இதற்கு இல்லாமை ஒரு காரணமாகலாம். ஆசிரியர் இத்துறையை மாணாக்கர்க்கு அறிமுகம் செய்தலும், பழைய மாணவர் அங்ஙனம் கற்கப் புகும் வன்னிப் பிள்ளைகளுக்குப் புலமைப் பரிசில் அளித்தலும், உறுப்பிழந்த இளைஞருள் கைத்திறம் உடையாரைப் பட்டறைக்குப் பயிற்றி எடுத்தலும் பெரும்பொருட் செலவின்றி ஆகக்கூடியன. கங்கர் பீப்பாய்ப் பலகையிற் காலைச் செதுக்கியபோது, வேண்டியது யாது என்பதை அவன் அளவு அறிந்தார் பிறர் இலர். வன்னியிலும் அத்தகைய அறிவுடையோர் பலர் உளர். அவர்க்கு உளியும் கணினியும் ஒருங்கே கையிற் கிடைக்குமாயின், அந்நிலத்துக்குத் தக்க பொறி அந்நிலத்திலேயே பிறக்கும்.